தொட்டியில் இல்லாத கியூப்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் எல்லாருக்கும் அவள் இருபத்தெட்டு. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் இருபத்தெட்டு.

காரணம் அவள் வேலைதான். கட்டடம் கட்டுகிறவர்கள் தாங்கள் ஊற்றும் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து, ஆறங்குல அச்சில் கியூபாக வார்த்து, அவளிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது தண்ணீர்த் தொட்டியில் இருபத்தெட்டு நாள் கிடக்கும். பிறகு அதை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்கியது என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். நடுவில் ஏழாம் நாள் ஒன்றை நசுக்கிப் பார்ப்பது உண்டு. அது மனசு ஆறுவதற்கு. தீர்ப்பு இருபத்தெட்டாம் நாள்தான்.

கட்டடக்காரர்களுக்கோ ஒவ்வொரு நாளும் அடிவயிற்றில் நெருப்பு. அடுத்த மாடி ஏற்ற வேண்டும், ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பத்தாம் நாளே வந்து கெஞ்சுவார்கள். "பாருங்க மேடம், தட்டினா கணீர்னு கேக்குது. பாத்தாலே தெரியலையா? ஒரு கையெழுத்து போட்டுடுங்க." அவள் தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள். "பாத்தே சொல்றதா இருந்தா இந்த மிஷின் எதுக்கு?" என்பாள். தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

இப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை மத்தியானம், விற்றுவிட்ட ஃபிளாட்டைக் காலி செய்யப் போன இடத்தில், முன்னாள் கணவனோடு படுத்துவிட்டாள்.

யாரும் பல்லைக் கடிக்க வேண்டாம். விவாகரத்தாகி மூன்று வருடம். சாமான் ஏற்றுகிற வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு மெத்தையும், யாருக்குச் சொந்தம் என்று முடிவாகாத ஒரு மிக்ஸியும். மிக்ஸிக்காகச் சண்டை போட ஆரம்பித்து, சிரித்து, பழைய ஞாபகம் ஒன்று வந்து, மெத்தையில் முடிந்தது. பதினோரு வருடக் குடித்தனத்தில் எதையும் ஒற்றுமையாகச் செய்யாத இருவர் அன்றைக்குத்தான் ஒன்றை ஒற்றுமையாகச் செய்தார்கள். உறை எதுவும் கையில் இல்லை. காலி வீட்டில் ஆணுறையை யார் வைத்திருப்பார்கள். மிக்ஸியை அவன் எடுத்துக்கொண்டு போனான். அவளுக்கு அதில் மட்டும்தான் கொஞ்சம் வருத்தம்.

மூன்று நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை லாரிக்காரர் வந்தார். ரெடிமிக்ஸ் ஆலையின் கலவை லாரி ஓட்டுகிறவர், வாராவாரம் செவ்வாய் அன்று ஆலையின் கியூப்களை இவளிடம் ஒப்படைப்பவர். மற்றவர்கள் கொண்டுவரும் கியூப்களில் முனை உடைந்திருக்கும், பக்கவாட்டில் ஓட்டை இருக்கும். இவர் கொண்டுவருவது சோப்புக்கட்டியாட்டம் வழுவழுவென்று இருக்கும். ஒவ்வொன்றையும் பழைய துணியில் சுற்றி எடுத்துவருவார். மூன்று வருடமாக இப்படித்தான். அது கியூபுக்குக் காட்டுகிற மரியாதை இல்லை என்பது அவளுக்கு இரண்டாவது வருடமே புரிந்துவிட்டது.

கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த பழைய கியூபை வழக்கம்போல் காலால் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே வந்தவர், கையெழுத்துப் போட்டபின்னும் போகவில்லை.

"எங்க ஆலை இன்னொரு ஊர்ல புதுசா ஆரம்பிக்கிறாங்க. என்னைப் போகச் சொல்றாங்க. ரெண்டு வாரத்துல பதில் சொல்லணும்."

"ரொம்ப தூரமா?"

"செவ்வாய்க்கிழமை வந்துட்டுப் போற தூரம் இல்ல." பேனாவை மூடித் திறந்தார். "போகாம இருக்கறதுக்கு ஒரு காரணம் கிடைச்சா நல்லா இருக்கும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்களேன். நானே சமைக்கிறேன்."

அவளுக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. "பாக்கலாம்" என்றாள். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று தொட்டியில் கிடந்த கியூப்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

மறுநாளே முன்னாள் கணவன் போன் செய்தான்.

"நீ பதறாத" என்று ஆரம்பித்தான். அவன் அப்படி ஆரம்பித்த எதுவும் இதுவரை நல்லபடியாக முடிந்ததில்லை. "நான் ஒருத்தியோட பழகிட்டு இருந்தேன்ல, அவளுக்கு அவளோட பழைய ஆள் போன் பண்ணியிருக்கான். அவனுக்கு ஏதோ தொத்து இருக்கும்போல. அவளைப் பரிசோதனை பண்ணிக்கச் சொல்லியிருக்கான். அவ என்னைச் சொன்னா. நான் உன்னைச் சொல்றேன்."

"என்ன தொத்து?"

"அது அவனுக்கே சரியாத் தெரியல. அவன் சொன்னது அவளுக்குப் புரியல."

மூன்று பேர் வரிசையாக நின்று கை மாற்றிக் கை மாற்றி அவளிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். மிக்ஸிதான் வரவில்லை, இதாவது வந்தது என்று நினைத்தாள். வாயைத் திறந்து அவனைத் திட்டியது வேறு வார்த்தைகளில்.

வியாழக்கிழமை காலை அரை நாள் லீவு போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். பாலியல் நோய்ப் பிரிவு மாடியில், கண் பிரிவுக்கு அடுத்த அறை. கண்ணைக் காட்ட வந்தவள்போல ஒரு கண்ணைத் தேய்த்துக்கொண்டே நடந்து, கடைசி நிமிடத்தில் பக்கத்துக் கதவுக்குள் நுழைந்தாள்.

நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். எதைக் கேட்டும் புருவம் உயராத முகம். மெத்தை, மிக்ஸி, வண்டி தாமதம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"என்னைக்கு நடந்தது?"

"சனிக்கிழமை."

"அஞ்சு நாள் ஆச்சு. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா, எச்.ஐ.வி.க்கு முன்கூட்டியே மாத்திரை தரலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டிருக்கலாம். உங்களுக்கு விஷயமே நாலாவது நாள்தான் தெரிஞ்சிருக்கு, என்ன பண்றது. இன்னைக்கு ஒரு ரத்தம் எடுத்துக்கறேன். அது உங்க பழைய கணக்கு என்னன்னு தெரிஞ்சுக்க. சனிக்கிழமை சங்கதி இதுல தெரியாது."

"ரிசல்ட் இல்லைன்னு வந்தா?"

"இல்லைன்னுதான் வரும். அதை நம்பிப் போயிடாதீங்க. கிருமி உள்ள வந்திருந்தாலும் பரிசோதனை கண்டுபிடிக்கிற அளவுக்கு அது பெருகணும், உடம்பு அதை எதுத்து வேலை செய்ய ஆரம்பிக்கணும். அதுக்கு நாள் ஆகும்." நர்ஸ் ஒரு துண்டுச் சீட்டை இழுத்து எழுதினார். "பதினாலாவது நாள் வாங்க, கிளமிடியா, கொனோரியா பாத்துடலாம். நாப்பத்தஞ்சாவது நாள் எச்.ஐ.வி. தொண்ணூறாவது நாள் சிபிலிஸுக்குக் கடைசியா ஒரு தடவை. நடுவுல எரிச்சல், புண்ணு, கசிவு எதுவும் வந்தா நாள் பாக்காம உடனே வரணும். அந்தப் பொண்ணுக்கோ உங்க வீட்டுக்காரருக்கோ..."

"முன்னாள்."

"முன்னாளுக்கோ இதுதான் நோய்னு உறுதியானாலும் உடனே வரணும். அப்ப நாங்க காத்திருக்காம மருந்து கொடுப்போம்."

அவள் மனக்கண்ணில் லாரிக்காரர் அடுப்பின் முன்னால் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். "தொண்ணூறு நாள் ரொம்ப அதிகம். எனக்கு ஞாயித்துக்கிழமை ஒரு... அவசரம் இருக்கு. கொஞ்சம் சீக்கிரமா ஏதாவது எழுதிக் குடுக்க முடியாதா? எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நல்லாத்தானே இருக்கேன், பாத்தாலே தெரியலையா?"

சொல்லி முடித்தபிறகுதான் அவள் காதில் அது விழுந்தது.

"பாத்தே சொல்றதா இருந்தா இந்த ஊசியெல்லாம் எனக்கு எதுக்குங்க?" என்றார் நர்ஸ், கையில் பட்டையைக் கட்டியபடி.

தன் வசனத்தை இன்னொருத்தர் வாயால் கேட்பது என்ன சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனை கட்டடக்காரர்களை இப்படி அனுப்பியிருக்கிறாள். அவர்களில் யாராவது இங்கே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருந்தால் ஊருக்கே விருந்து வைத்திருப்பார்கள். புறப்படும்போது நர்ஸ் ஒரு கைப்பிடி ஆணுறைப் பொட்டலங்களைக் கொடுத்து, தொண்ணூறு நாள் வரைக்கும் இது இல்லாமல் எதுவும் வேண்டாம் என்றார். அதை ஒருவர் கையில் கொடுக்க வேண்டுமானால் காரணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமே. பையின் அடியில் போட்டாள்.

தேதிகளை எங்கே குறித்துவைப்பது என்பது அடுத்த தலைவலி. அவள் இருப்பது அக்கா வீட்டில். அவள் போன் அக்கா மகள்கள் இருவருக்கும் பொதுச் சொத்து. ஆகவே தன் வாழ்க்கையில் அவள் முழுதாக நம்பிய ஒரே இடத்தில் எழுதினாள். பரிசோதனைக் கூடத்துப் பதிவேட்டில், அடுத்த வரிசை எண்ணில். மாதிரி எண் 417. தளம்: தனி. வார்த்த நாள்: அந்தச் சனிக்கிழமை. சோதனை நாட்கள்: 14, 45, 90. பொறுப்பு: அவளே. எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. கடைசிக் கட்டம் மட்டும் காலியாக நின்றது. அதன் தலைப்பு, மாதிரியைப் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து.

லாரிக்காரருக்குப் போன் செய்து இந்த ஞாயிறு முடியாது என்றாள். பரவாயில்லை, அடுத்த ஞாயிறு என்றார். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று புளுகினாள். அடுத்த அறையில் அக்கா தாண்டிக் குதித்து உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள். சும்மா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்துவிடலாமே என்று கேட்பவர்கள், அவள் அந்த மனிதரைப் பார்க்கிற பார்வையைப் பார்த்ததில்லை.

அதற்கிடையில் முன்னாள் கணவன் மறுபடி கூப்பிட்டான். குரலில் பூரிப்பு. "எல்லாம் சுத்தம். ரிப்போர்ட் வந்துடுச்சு. நீ நிம்மதியா இரு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு நொடி, அதை அப்படியே நம்பி, லாரிக்காரருக்குப் போன் செய்து, என்ன சமையல் என்று கேட்டுவிடலாமா என்றிருந்தது. ஆனால் இருபத்தெட்டு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

"அவளோட கடைசியா எப்ப இருந்த?"

"நாம ஃபிளாட்டு காலி பண்ணினோம்ல, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"பரிசோதனைக்கு எப்பப் போன?"

"உனக்குப் போன் பண்ணின ரெண்டாவது நாள்."

"எட்டு நாள். எட்டு நாள் கான்கிரீட்டு மேல நான் மாடி ஏத்த மாட்டேன். மறுபடி போ. பதினாலு, நாப்பத்தஞ்சு, தொண்ணூறு. எழுதிக்க."

"நீ மாறவே இல்ல" என்றான் அவன். இந்த ஒரு விஷயத்தில் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

பதினான்காம் நாள் பரிசோதனைக்குப் போனாள். திங்கட்கிழமை காலை நர்ஸ் போனில் சொல்லிவிட்டார். அந்த இரண்டும் இல்லை. மீதி இருப்பது நாற்பத்தைந்தும் தொண்ணூறும். லாரிக்காரர் ஆலைக்குப் பதில் சொல்ல வேண்டியது மறுநாள்.

அன்றைக்கென்று பார்த்து மேனேஜர் பதிவேட்டைப் புரட்டினார்.

"நானூத்திப் பதினேழு எங்க மேடம்? தொட்டியில காணோமே."

"அது வெளியில இருக்கு சார்."

"வெளியிலயா? தண்ணியில இருக்க வேண்டாமா?"

"தினமும் குளிக்குது சார்."

மேனேஜர் அவளை முறைத்தார். சாயங்காலத்துக்குள் 417 தொட்டியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கியூப்களுக்கு எண் எழுதுகிற பெயிண்ட் மாமா இதையெல்லாம் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, மேடம் மாட்டிக்கொண்டது மட்டும் விளங்கியது. ஒரு கேள்வி கேட்கவில்லை. கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த பழைய கியூபை எடுத்தார், துடைத்தார், சிவப்புப் பெயிண்டில் 417 என்று எழுதினார், காய்ந்ததும் தொட்டியில் இறக்கினார். கையைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை லாரிக்காரர் இரண்டு கையிலும் துணி மூட்டையோடு உள்ளே நுழைந்தார். கதவு படீரென்று வந்து அவர் முதுகில் அடித்தது. மூன்று வருடமாக அந்தக் கதவு அவரை அடித்ததில்லை. தரையைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார்.

"நம்ம கதவுக்கல்லு ஏன் தண்ணிக்குள்ள கிடக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தவர், 417 என்ற வரியில் விரலை வைத்தார். "பதினாலு, நாப்பத்தஞ்சு, தொண்ணூறு. நான் பதினெட்டு வருஷமா கலவை ஏத்தறேன். நாப்பத்தஞ்சாவது நாள் சோதனைன்னு ஒண்ணை எங்கயும் கேள்விப்பட்டதில்ல. ஏதாவது பிரச்சனையா?"

புதுக் கலவை, ரகசிய ஆராய்ச்சி என்று ஒரு புளுகு அவளிடம் தயாராக இருந்தது. நல்ல புளுகு. அவர் நம்பியிருப்பார். நம்பிவிட்டு, அக்கா உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார். கேட்டுவிட்டுப் போயிருப்பார், தூரத்து ஊருக்கு. அவளுக்குப் பயமாக இருந்தது. பதினோரு வருடக் கல்யாணம் முறிந்தபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை.

"அது கான்கிரீட் இல்ல" என்றாள். "நான்தான்."

சொன்னாள். சனிக்கிழமை, மெத்தை, நாலு பேர் சங்கிலி, நர்ஸ், சீட்டு, இரண்டு இல்லை, இரண்டு பாக்கி. அக்கா குதித்து உடற்பயிற்சி செய்ததையும் விடாமல் சொன்னாள். சொல்லும்போது பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். மூலைக் குழாய்க்குப் போய்க் கையைக் கழுவினார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கை. ரொம்ப நேரம் கழுவினார். போய்விடுவார் என்றே அவள் முடிவு செய்துவிட்டாள்.

"இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார் திரும்பி. "ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டிருக்கலாம்."

"வந்திருக்கலாம். சாப்பாட்டோட நிப்போமா?"

அவர் காது சிவந்தது. "நிக்க மாட்டோம்."

"அதான். ரிப்போர்ட் இல்லாம எதையும் நான் வெளியில அனுப்பறதில்ல. என்னையும் சேத்துத்தான்."

அவர் மெல்லச் சிரித்தார். "தொண்ணூறு நாள்தானே. நான் நாலு வருஷமா தனியாத்தான் இருக்கேன்" என்றார்.

"நாலு வருஷம்னா, அதுக்கு முன்னாடி?"

"முன்னாடின்னா?"

"உங்க சம்சாரம் போனதுக்கு அப்புறம் யாராவது?"

தொட்டித் தண்ணீரைப் பார்த்தார். "அப்ப ஒரு ஆறு மாசம், புத்தி சரியில்லாம... ரெண்டு பேரு. ரெண்டரைன்னு வெச்சுக்கங்களேன்."

அரை எப்படி என்று கேட்க நாக்கு துடித்தது. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டாள். "பரிசோதனை பண்ணினீங்களா?"

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கேன். பாத்தாலே..."

நிறுத்திவிட்டார். அவள் அவரை உச்சி முதல் பாதம் வரை நிதானமாகப் பார்த்தாள். அதில் சோதனை கொஞ்சம்தான், மீதி ஆசை.

"மிஷின் எதுக்குன்னு கேப்பீங்க" என்றார் அவர்.

அவள் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். அடுத்த காலி வரி, 431. லாரிக்காரர் தன் கையாலேயே எழுதினார். வார்த்த நாள் என்ற கட்டத்தில் நின்றார். "நாலு வருஷம் ஆச்சே. இனிமே எத்தனை நாள் காத்திருக்கணும்?"

"ஒரு நாளும் இல்ல. கெடு எல்லாம் எப்பவோ தாண்டியாச்சு. நாளைக்கே போகலாம். கண் பிரிவுக்கு அடுத்த ரூம். நானும் கூட வரேன். ஒரு கண்ணைத் தேச்சுக்கிட்டே நடக்கணும்."

அங்கேயே நின்று ஆலைக்குப் போன் போட்டார். "சார், நான் வரல. இங்க ஒரு ரிசல்ட் வரவேண்டியிருக்கு." அந்தப் பக்கம் எத்தனை நாள் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் பதிவேட்டைப் பார்த்தார். "தொண்ணூறு." அந்தப் பக்கம் ஏதோ கத்தியது. "பரவாயில்ல சார். அவசரப்பட்டு ஏத்தினா கட்டடம் நிக்காது."

431க்கு ஒரு வாரத்தில் எல்லாம் இல்லை என்று வந்துவிட்டது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்தை அவள் அன்றே போட்டுவிட்டாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள். சமையல் சுமார்தான், எல்லாவற்றிலும் உப்பு ஒரு பிடி கூடுதல். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள். நர்ஸ் கொடுத்த பொட்டலங்கள் பையின் அடியில் இருந்ததை அவரிடம் காட்டியும் விட்டாள். அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் இருந்தாயிற்று, ரிப்போர்ட்டோடவே இருக்கட்டும் என்றார். பதினெட்டு வருடம் கலவை ஏற்றியவர் இல்லையா.

நாற்பத்தைந்தாம் நாள் எச்.ஐ.வி. இல்லை என்று வந்தது. அன்றைக்கே மேனேஜர் கட்டளையிட, பெயிண்ட் மாமா 417ஐ இயந்திரத்தில் வைத்தார். ஏழெட்டு வருடம் கதவைத் தாங்கிய கல் லேசில் உடைந்துவிடுமா. அந்த வருடத்தில் வந்த எந்தக் கியூபும் அவ்வளவு பாரம் தாங்கவில்லை. மேனேஜர் இன்றுவரை அந்தக் கலவை யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். லாரிக்காரர் புதிதாக ஒரு கியூபைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கதவுக்கு வைத்தார்.

தொண்ணூறாம் நாள் வெள்ளிக்கிழமை. ரிசல்ட் திங்கட்கிழமை கிடைத்தது. செவ்வாய் காலை அவள் பதிவேட்டைத் திறந்து, 417க்கு நேரே, முடிவு என்ற கட்டத்தில் "தேறியது" என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். லாரிக்காரர் வந்ததும் பேனாவை நீட்டினாள்.

அவர் வரியை முழுசாக, தேதி தேதியாக, விரல் வைத்துப் படித்தார். பிறகு அந்தக் கடைசிக் கட்டத்தில், கட்டத்துக்கு வெளியே போகாதபடி கவனமாகக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னைக்குச் செவ்வாய்தானே" என்றார். "ஞாயித்துக்கிழமை வரைக்குமா?"

அவள் சுவரில் மாட்டியிருந்த சாவியை எடுத்துப் பெயிண்ட் மாமாவிடம் கொடுத்தாள். வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக, நாள் முடிவதற்கு முன்னால் கிளம்பினாள்.